மட்டி மண்வெட்டி இல்லை

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது "மணலில் பழுப்பாகப் படியுது" என்று சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "நாலைஞ்சு மட்டி வாங்கிப் போடுங்க, மணலைக் கிளறி விடும்." எனக்கும் மீன்தொட்டிக் கடையில் அப்படித்தான் சொன்னார்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். மட்டிக்கறி சாப்பிட்டு வளர்ந்த திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னுடையது 3 அடித் தொட்டி, 160 லீற்றர். உப்புவெளிக் கடற்கரையில் கானில் தண்ணீர் அள்ளி வந்து, இரண்டு மாதம் மீன் விடாமல் பொறுத்திருந்து தொடங்கியது. அதில் ஒரு சோடி நெமோ மீன். கொஞ்ச நாளில் மணலின் மேல் பழுப்புப் படலம் வந்தது. கடையில் ஆறு மட்டி பிடித்துத் தந்தார்கள். போட்ட அரை மணித்தியாலத்தில் ஆறும் மணலுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கக்கூட வழியில்லை. பழுப்பு மட்டும் அப்படியே கிடந்தது.

ஏழாவது கிழமை, ஒரு நாள் விடியப் பார்க்கிறேன், தண்ணீர் மங்கிப்போய், ஒரு நெமோ பக்கவாட்டில் கிடந்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கடும் பச்சை. அமோனியா, அழுகலிலிருந்து வருகிற நச்சு! 20 லீற்றர் கான் நாலை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். பாதித் தண்ணீரை மாற்றி, மணலைக் கையால் துழாவினேன். நாலு மட்டி வாய் பிளந்து, சதை கரைந்து, கிட்டப் போக முடியாத நாற்றம். மத்தியானத்துக்குள் மீன் செத்துவிட்டது. கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு இன்னும் ஏறும். 160 லீற்றர் தண்ணீர் நாலு மட்டியின் அழுகலைத் தாங்குமா?

அந்த மட்டிகள் பட்டினியில்தான் செத்திருக்கும். மட்டி மணலைத் தின்பதில்லை, மேலே படிந்த பழுப்பையும் மேய்வதில்லை. ஒரு குழாயால் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியைச் செவுளால் வடித்துத் தின்று, மற்றக் குழாயால் தண்ணீரை வெளியே விடும். களப்பில் அதற்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நாங்களோ பில்டர், நுரையோடு அழுக்கை எடுக்கிற ஸ்கிம்மர் எல்லாம் போட்டுத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறோம். அதற்குள் அதைக் கொண்டுவந்து புதைத்தால் எதைத் தின்னும்? ஒரே நாளில் செத்தாலாவது நமக்கு விளங்கும். கிழமைக் கணக்கில் மெலிந்து, யாருக்கும் தெரியாமல் மணலுக்குள் சாகிறது.

கிளறுகிற கதைக்கு வருவோம். எங்கள் தெருவுக்கு மட்டி கொண்டுவருகிற கிண்ணியா ராத்தாவிடம் கேட்டேன். "மட்டி எங்க தம்பி நடந்து திரியும்? கிடந்த இடத்துலயே கிடக்கும். அதாலதானே நாங்க காலால தடவி எடுக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். மட்டி தன் சதைக் காலை ஊன்றி மணலுக்குள் இறங்கும்போது நாலு மணல் அசையும். பிறகு அசைந்தாலும் கொஞ்சம்தான், அதனால் தொட்டி முழுக்க மணல் புரண்டுவிடாது. தண்ணீருக்குள் குனிந்து நின்று பிழைக்கிற பெண்ணுக்குத் தெரிந்தது, உயிரை விற்றுப் பிழைக்கிறவருக்குத் தெரியாதா?

மணலைக் கிளறத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று பிறந்த உயிர்கள் இருக்கின்றன. நசாரியஸ் நத்தை மணலுக்குள் ஒளிந்திருந்து, சாப்பாட்டு வாசம் பட்டதும் உழுதுகொண்டு வெளியே வரும். கடலட்டை மணலையே விழுங்கி, அதிலுள்ளதைத் தின்றுவிட்டு மணலைத் திருப்பி விடும். ஆனால் என் தொட்டி அளவுக்கு ஒரு குச்சியும் உறிஞ்சு குழாயும் போதும்: தண்ணீர் மாற்றும்போது மேல் மணலை மட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதி. பல மாதம் தொடாமல் கிடந்த ஆழமான மணலை ஒரேயடியாகப் புரட்டினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். பழுப்புப் படலம் பெரும்பாலும் புதுத் தொட்டியில் வருகிற நுண்பாசி. சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரை ஒழுங்காக மாற்றினால் தானே அடங்கும். இந்த இரண்டு வசனத்தைச் சொல்வதற்கு ஒரு கடைக்காரருக்கு என்ன செலவு?

நான் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "ஆறு காணாது தம்பி, பத்துப் போட்டிருக்கணும்." எனக்குக் கை நடுங்கியது. செத்த மட்டியின் நாற்றம் அப்போதும் விரலில் இருந்தது.

நேற்று அதே கடை வாசலில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பையன். கையில் பொலித்தீன் பை, அதற்குள் ஐந்து மட்டி. "தொட்டி எத்தனை அடி?" என்று கேட்டேன். "ரெண்டு அடி அண்ணா, மணல் கிளற" என்றான். றோட்டிலேயே நிறுத்தி, வெயிலில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திரும்பிக் கடைக்குள் போனான். "வித்தது வித்ததுதான்" என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.