333333331 பகா எண்ணா? இல்லவே இல்ல

31, 331, 3331ன்னு முன்னாடி எத்தனை 3 போட்டாலும் பகா எண் தான் வரும்னு ஒரு ஃபார்வர்ட் மறுபடியும் சுத்துது. பாதி உண்மை, அதான் எல்லாரும் நம்பிடுறாங்க. 31ல ஆரம்பிச்சு 33333331 வரைக்கும் ஏழு எண்ணும் நிஜமாவே பகா எண் தான், அதுல தப்பில்ல, ஆனா அடுத்து இன்னொரு 3 சேர்த்தா வர்ற 333333331 பகு எண், 17 × 19607843, கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க.

"அது ஒண்ணு மட்டும் விதிவிலக்கு"ன்னு சிலர் சமாளிக்கிறாங்க, அதுவும் தப்பு. 15 தடவை 3 எழுதினா வர்ற எண் 31ஆல மீதியில்லாம வகுபடும். அதுக்குப் பின்னாடி 31ஐ ஒட்டினா (அதாவது பதினாறு 3, கடைசில ஒரு 1) அதுவும் 31ஆல வகுபட்டுத்தானே ஆகணும்? முன்னாடி இன்னும் பதினஞ்சு 3 சேருங்க, திரும்பவும் அதே கதி, இப்படியே முடிவில்லாம பகு எண்கள் வந்துட்டே இருக்கும்.

ஏழு தடவை சரியா வந்ததை வச்சு "எப்பவும்"னு எழுதினவர் எட்டாவதை மட்டும் ஏன் போட்டுப் பார்க்கலையோ தெரியல 😄