மகன் கையில சாவியைக் குடுத்த அப்பாவுக்கு

சாவியைக் குடுத்து எழுதச் சொன்னது பெத்த அப்பா. அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

மதுரை திருமலை நாயக்கர் மஹால். சென்னையிலருந்து அக்கா குடும்பம் லீவுக்கு வந்திருந்தாங்க, எல்லாருமாப் போயிருந்தோம். அக்கா பிள்ளைக அந்தத் தூணுகளை அண்ணாந்து பார்த்து, திறந்த வாய் மூடாம நிக்குதுக. பக்கத்துத் தூண்கிட்ட இன்னொரு குடும்பம். எட்டு ஒம்பது வயசுல ஒரு பையன். அப்பா பாக்கெட்லருந்து பைக் சாவியை எடுக்குறாரு. பையன் கையில குடுக்குறாரு. "பேரை எழுதுடா."

பையன் தயங்குறான்! சுத்திமுத்திப் பார்க்குறான். அந்த வயசுக்கே தெரிஞ்சிருக்கு, இது தப்புன்னு. அப்பா விடல. "எழுதுடா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." லேசா ஒரு கோடு போட்டான். "தெரியவே இல்ல, நல்லா அழுத்து." அழுத்துனான். சுண்ணாம்புத் தூளு பொலபொலன்னு உதிருது. அம்மா ஓடி வந்தாங்க. தடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். பையன் சட்டையில விழுந்த தூளைத் தட்டி விட்டுட்டுப் போனாங்க. ரெண்டாவது எழுத்து கோணலாப் போச்சாம். அப்பாவே சாவியை வாங்கி, அந்த எழுத்து மேலயே திரும்பத் திரும்பக் கீறி நேராக்குறாரு. மூணாவது எழுத்து. நாலாவது எழுத்து. பேர் முடிஞ்சதும் கீழ வருஷம். அப்புறம் பையனை அது பக்கத்துலயே நிக்க வச்சு போட்டோ.

"ஏண்ணே இப்படிப் பண்றீங்க?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன்.

"எல்லாரும்தான் எழுதியிருக்காங்க. எங்களை மட்டும் கேக்க வந்துட்டீங்க?"

அந்தம்மா, "சின்னப் பையன் ஆசைப்பட்டுட்டான், விடுங்கக்கா."

ஆசைப்பட்டது பையனா? அவன் முகத்தை நான் பார்த்தேன். அவனுக்கு அங்கருந்து ஓடிப் போகணும்னுதான் இருந்துச்சு.

எல்லாரும் எழுதியிருக்காங்க, உண்மைதான். எந்தத் தூணை வேணாலும் பாருங்க. கை எட்டுற உயரம் வரைக்கும் பேரு, ஹார்ட்டு, அம்புக்குறி. அதுக்கு மேல வழவழன்னு இருக்கு. மனுசன் கை எட்டாததாலதான் அந்த மேல்பாகம் பிழைச்சிருக்கு.

1636-ல கட்டுனது. இன்னைக்கு நாம பார்க்குறது மொத்த அரண்மனையில ஒரு சின்னப் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் பிரிச்சு எடுத்துட்டுப் போனது போக, இடிஞ்சது போக, ராஜா தர்பார் நடத்துன சொர்க்க விலாசமும் நாடகசாலையும் மிஞ்சுச்சு. அதையும் 1866-லருந்து 1872 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பழுது பார்க்க வச்சதாலதான் நமக்குக் கிடைச்சிருக்கு. மிச்சத்தோட கதி தெரியணும்னா நாலு எட்டு நடந்து பத்துத்தூண் சந்துக்குப் போங்க. அரண்மனைத் தூணுக ஜவுளிக் கடைகளுக்கு நடுவுல அநாதையா நிக்குது.

உங்க பையன் கீறுன தூண் மேல இருக்குறது பெயின்ட் இல்லண்ணே. செங்கல் கட்டுமானத்து மேல சிப்பிச் சுண்ணாம்பை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கொண்டு வந்த பளபளப்பு. ஒரு இடத்துல கீறுனா, அந்தக் கீறல்ல மட்டும் கொஞ்சம் பூசி மறைச்சுட முடியாது. சுத்தி இருக்குறதையும் செதுக்கி எடுத்துட்டு, அதே பக்குவத்துல சுண்ணாம்பு அரைச்சுப் பூசணும். அவசரத்துக்கு சிமென்ட்டை வச்சு அப்புனா பழைய சுண்ணாம்போட ஒட்டாது, உள்ள ஈரம் தங்கி இன்னும் பெயரும். அந்த வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிக்கிறதே பெரும்பாடு. உங்க பையன் பேரை அழிக்க ஒருத்தர் சாரத்துல உக்காந்து முதுகு ஒடியணும். இதுக்குன்னு 1966-லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சு. சட்டத்தை விடுங்க, உங்க வீட்டு ஹால் சுவத்துல அவன் பென்சிலால கோடு போட்டா சும்மா விடுவீங்களா?

இதுல மாமா என் கையைப் பிடிச்சு இழுக்குறாரு. "எதுக்கு வம்பு, வாம்மா." சுத்தி நின்னவங்க எல்லாரும் என்னைத்தான் வேடிக்கை பார்த்தாங்க. தூணைக் கீறுனவரை ஒருத்தரும் பார்க்கல. நான் சத்தம் போட்டது தப்பாம், அவர் சாவியைத் துடைச்சுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடந்தது சரியாம். நீங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஆமாங்க, தப்புதாங்க"ன்னு கூடச் சேர்ந்து சொல்லியிருந்தா அவர் இனி எங்கயாவது இப்படி எழுதத் துணிவாரா?

சரி, மனசு ஆறட்டும்னு சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சிக்கு உக்காந்தோம். கண்ணகி சிலம்போட வந்து பாண்டியன்கிட்ட நியாயம் கேக்குற இடம். எனக்கு முன்னாடி வரிசையில ஒருத்தர் ஸ்பீக்கரைப் போட்டு வீடியோ கால்ல பேசுறாரு. "என்ன குழம்பு வச்ச? நேத்து வச்சதேவா?" காட்சி முடியுற வரைக்கும் பேசுனாருங்க. ஒரு ஹெட்போன் வாங்கித் தொலைங்களேன்யா!