பாதி பார்த்தவன் பொய்யனா?

"பார்த்தீர்களா, இல்லையா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்!" இனி யாராவது இப்படிக் கேட்டால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் சைக்கிளில் வந்த பெரியவரை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது. மஞ்சள் வேன், பின்கதவில் வெள்ளை எழுத்துகள், முதல் எழுத்து 'மு' போலிருந்தது. கண்ணில் பட்டது அவ்வளவுதான். காவல் நிலையத்திலும் அதையே சொன்னேன்.

"எழுத்தைப் பார்த்தீர்கள், நம்பரைப் பார்க்கவில்லையா?"

"இல்லை சார்."

"என்ன எழுதியிருந்தது?"

"முதல் எழுத்து மட்டும்தான் சார்..."

"அதெப்படி முதல் எழுத்து மட்டும் தெரியும்? மஞ்சள் என்பதாவது உறுதியா?"

"உறுதி சார்."

"அப்படியென்றால் நம்பர்?"

மறுபடியும் முதலிலிருந்து! உட்காரவும் சொல்லவில்லை.

முதல் எழுத்து மட்டும் ஏன் சார் தெரியக் கூடாது? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அகலத்தைத்தான். மற்றதெல்லாம் நிறமாக, அசைவாக, அரைகுறை வடிவமாகத்தான் வந்து சேரும். 1960இலேயே ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்ற உளவியலாளர் 12 எழுத்துகளைக் கண நேரம் காட்டிக் கேட்டார். பார்த்தவர்களால் நாலைந்துக்கு மேல் சொல்ல முடியவில்லை. ஆனால் மறைந்த உடனே ஒலி எழுப்பி ஒரு வரிசையை மட்டும் கேட்டபோது, அந்த வரிசையின் நான்கில் மூன்றைச் சொன்னார்கள். பார்த்திருந்தார்கள், சொல்வதற்குள் நழுவிவிட்டது! 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அதே சோதனையில் திருப்பிப் போட்ட எழுத்துகளையும் கலந்தார்கள். பலர் அவற்றையும் சரியான எழுத்துகளாகவே கண்டார்கள். காணாத இடத்தை மனம் தனக்குப் பழகியதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

அதைத்தான் என் பக்கத்தில் நின்றவர் செய்தார். "பி.ஒய். 01 என்று தொடங்கியது சார்" என்றார். புதுச்சேரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எண்தானே! அவர் நல்ல மனிதர், வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது எழுதப்பட்டது. நான் சொன்ன மஞ்சளும் 'மு'வும் எழுதப்படவில்லை. இடித்தவன் தப்புவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? தெரிந்ததை மட்டும் சொல்பவன் குழப்பவாதி, துணிந்து நிரப்புபவன் நல்ல சாட்சி!

இத்தனைக்கும், வாக்குமூலம் எழுத வெள்ளைத் தாளை நாங்களே எதிர்க்கடையில் வாங்கி வர வேண்டுமாம். ஒரு காவல் நிலையத்தில் தாள்கூடவா இருக்காது?