தூண் பாறைகளைச் செதுக்கியது கடல் அலையா?

கொடைக்கானல் தூண் பாறைகளின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "இவை கடல் அலை செதுக்கியவை. பழனி மலை கடலுக்குள் இருந்ததற்கு மலையிலுள்ள உருண்டைக் கற்களே சாட்சி." இது தவறு.

சுமார் 400 அடி உயரமுள்ள அந்த மூன்று பாறைகளும் சார்னோகைட் என்ற கருங்கல் வகை. பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரிந்த பாறை இது. செங்குத்தான வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, வேர் நுழைந்து, பலவீனமான பகுதி உதிர்ந்து விழ, மிச்சம் நின்றதுதான் தூண்.

சரி, உருண்டைக் கற்கள்? மலைப்பாதையில் வெட்டிய மண்சுவரைப் பாருங்கள். செம்மண்ணுக்குள் கல் அப்படியே உருண்டையாகப் பதிந்திருக்கும். மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியும், விரலால் நசுக்கினாலே பொடியாகும். எங்கும் உருளாமல், இருந்த இடத்திலேயே உருண்டையான கல் அது. தண்ணீர் மூலைகளை மூன்று பக்கமிருந்தும் தாக்குவதால் அவைதான் முதலில் கரையும்.

கடற்கரையில் கதை வேறு. அலையின் அடியோடு உப்பும் சேரும். சாரல் கல்லின் நுண்துளைக்குள் புகுந்து காய்ந்ததும் உப்புப் படிகம் வளர்ந்து துகள் துகளாகப் பெயர்க்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்ப முகங்கள் மழுங்கியதில் அந்த உப்புக்காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிள்ளைகளுக்கு அனுப்பும் முன் தயவுசெய்து இதையும் சேர்த்து அனுப்புங்கள்.