இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவர் நம்ம ஆள் இல்லை

வீடு தேடிக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி நேற்று கேட்டாள்: "புரோக்கரே இல்லாம நேரா ஓனர்கிட்ட பேசிட்டா ஒரு லட்சத்துக்கு மேல மிச்சமாகுமே?" அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எங்களுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

சென்னை குரோம்பேட்டையில் ஒரு பழைய ஃபிளாட். 65 லட்சம் சொன்னார்கள். 55-இல் ஆரம்பிப்போம், முடியாமல் போனால் 62 வரை போகலாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அதைப் புரோக்கரிடம் மட்டும்தான் சொன்னோம். நம்ம ஆள்தானே என்ற நம்பிக்கை. வீட்டுக்காரம்மா காபி கொடுத்துக்கொண்டே, "நீங்க 62 வரைக்கும் வருவீங்கன்னு அவர் சொன்னாரே, அப்புறம் ஏன் யோசிக்கிறீங்க?" என்றார். பாவம், அந்த அம்மாவுக்கு அது ரகசியம் என்றே தெரியாது. புரோக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு விலை 62-ஐ விட்டு இறங்கவே இல்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களிடம் 2 சதவீதம், அவர்களிடம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு முடிந்தால் அவருக்கு 2 லட்சத்து 48 ஆயிரம். 59-க்கு முடிந்தால் 2 லட்சத்து 36 ஆயிரம். எங்களுக்கு 3 லட்சம் நஷ்டமாகும் இடத்தில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 12 ஆயிரம்தான். ஆனால் பேச்சு முறிந்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க, எப்படியாவது முடிந்தால் சரி என்றுதான் அவர் நினைப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பணம் வரும் வழி அப்படி.

அதனால் தோழிக்கு நான் சொன்னது, புரோக்கர் வேண்டாம் என்பதல்ல. கட்டாயம் வேண்டும். ஆனால் நம்மிடம் மட்டும் காசு வாங்கும் புரோக்கர் வேண்டும்.

அமெரிக்காவில் வாங்குபவருக்கென்று தனி ஏஜென்ட் இருப்பது பல வருட வழக்கம். அங்கேயே கூட அவருடைய கமிஷன் விற்பவர் பக்கத்திலிருந்து வருவதைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. அதன் விளைவாக, வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு வந்துவிட்டது. இங்கே ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற புதுத் திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும். தனியாள் ஒருவரிடம் பழைய வீடு வாங்கும்போது அதெல்லாம் துணைக்கு வராது. நாமேதான் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அப்புறம் தாம்பரத்தில் ஒரு பெரியவரைப் பிடித்தோம். சதவீதக் கணக்கு வேண்டாம், மொத்தமாக ஒன்றேகால் லட்சம், வீடு என்ன விலைக்கு முடிந்தாலும் அதே தொகை, விற்பவரிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது, பத்திரப்பதிவு அன்றைக்குப் பணம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். "அவங்களா கொடுத்தா எப்படிம்மா வேணாம்ங்கறது?" என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு அவர் வீடு பார்த்த விதமே வேறு. முடிச்சூரில் ஒரு தனி வீடு. புது பெயின்ட், புது டைல்ஸ். இந்தத் தெருவுக்கு வெள்ளத் தண்ணியே வந்ததில்லை என்றார் வீட்டுக்காரர். பெரியவர் உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, நெஞ்சளவு உயரத்தில், பட்டி வைத்து அடைத்த நாலு ஓட்டைகள் பெயின்டுக்கு அடியில் புடைத்துத் தெரிந்தன. "மீட்டரை எதுக்கும்மா இவ்ளோ மேல தூக்கி வெச்சிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் மிச்சத்தைச் சொல்லிவிட்டார். 2015 டிசம்பரில் கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் வாசல்படி வரை வந்திருக்கிறது. கமிஷன் இரண்டு பக்கமும் வருவதாக இருந்தால், பெரியவர் அந்த ஓட்டைகளைக் காட்டியிருப்பாரா? தெரியாது. ஆனால் அவரை அப்படி ஒரு நிலையில் நிறுத்த எனக்கு மனசில்லை.

கடைசியில் சேலையூரில் ஒரு வீடு பிடித்தது. 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடலாம் என்று துடித்தது நான்தான். ஜெராக்ஸ் எல்லாம் வரட்டும், வக்கீல் பார்க்கட்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நிறுத்தினார். வீடு, இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயிலும் எழுதவில்லை. வாரிசுச் சான்றில் நாலு பெயர்கள். விற்க வந்திருந்தது அம்மாவும் இரண்டு மகன்களும் மட்டும். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகளை யாரும் கேட்கவே இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அந்தப் பெண்ணுக்குச் சம பங்கு உண்டு. ஒருவர் இறந்ததையோ வாரிசுகள் எத்தனை பேர் என்பதையோ வில்லங்கச் சான்று காட்டாது. பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பார் என்று விடவும் கூடாது. அவர் பார்ப்பது வங்கிக்காக, அதுவும் பெரும்பாலும் அட்வான்ஸ் நம் கையை விட்டுப் போன பிறகு. நாங்கள் தனி வக்கீல் வைத்தோம். அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

மூன்று வாரம் ஆனது. அந்தப் பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்து, தானும் விற்பவராகக் கையெழுத்துப் போட்டார். அவர் பங்கு அவர் கணக்குக்குத் தனி டிடியாகப் போனது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் மூத்த மகன் பெரியவரிடம் ஒரு கவரை நீட்டினார். "வேணாங்க, நான் இவங்க பக்கத்து ஆளு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எங்கள் ஒன்றேகால் லட்சத்தை அன்று சாயங்காலமே கொடுத்தோம்.

அந்த வெள்ளைத்தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. மொத்தமே ஏழு வரி. வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், பெயர்களை மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன்.