த்ராட்டிலைக் குறைத்தால் அடைப்பு தீராது

ரைடிங் மோவரில் (ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) புல் அடைத்துக்கொண்டால் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பாதியாகக் குறைத்து வெட்டினால் சரியாகிவிடும் என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் உண்மை அதற்கு நேர்மாறு.

பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அது வேகமாகச் சுழலும்போது எழும் காற்றுதான் புல்லை நிமிர்த்துகிறது. வெட்டுப்பட்ட துணுக்கைப் பக்கவாட்டு வாய் வழியே வெளியே தள்ளுவதும் அதே காற்றுதான். எஞ்சின் வேகம் குறைந்தால் பிளேடும் மந்தமாகும், புல் டெக்குக்குள்ளேயே (பிளேடை மூடியிருக்கும் கூடு) அப்பிக்கொள்ளும். ஈரப்புல் என்றால் கேட்கவே வேண்டாம். குறைக்க வேண்டியது வண்டி நகரும் வேகத்தை மட்டும்தான்.

வெட்டும்போது த்ராட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் முயல் படம் போட்ட பக்கம்தான், அதாவது முழு வேகம். அப்படியும் சந்தேகமா? ஒரே உயரப் புல்லில், ஒரே நகரும் வேகத்தில், பாதி த்ராட்டிலில் ஒரு வரிசை, முழு த்ராட்டிலில் ஒரு வரிசை வெட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அப்புறம் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பிளேடு நின்றதும் வாயில் எவ்வளவு புல் தங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். குச்சியால் தள்ளுங்கள், கையை விடாதீர்கள்.