பிரேக் போடும்போது மட்டும் அதிர்ந்தால் அலைன்மென்ட் காரணமில்லை

"பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறதா? வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். பேலன்சிங் கோளாறு (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது) என்றால் பிரேக்கைத் தொடாமலே குறிப்பிட்ட வேகத்தில் அதிரும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் முதலில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, சுற்றிலும் தடிமன் சமமில்லாமல் போகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரியும்! டிஸ்க்கைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்க டயல் கேஜ் வேண்டும்.

ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். இருக்கையில் மட்டும் உணர்ந்தால் பின்பக்கம். திடீரென அழுத்தி மிதிக்கும்போது பெடல் படபடத்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வது, பழுது அல்ல.

புது டிஸ்க் போட்டும் சில மாதத்தில் அதிர்வு திரும்பி வருகிறதா? ஹப் முகத்தில் (டிஸ்க் உட்காரும் பரப்பில்) இருக்கும் துருவைச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் வீல் நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி முடுக்கியிருப்பார்கள். டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கத்தில் முடுக்கும் கருவி) வைத்து, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கின் மேற்பரப்பைச் சமமாக்கக் கடைவதானால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகக்கூடாது.

அப்புறம், டிஸ்க் சரியாக இருந்தும் அதிர்ந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங் மூன்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.